ஐந்தேகால் மணி நடை

மூன்று வருடங்களுக்கு முன்பு, மாரி மழை ஓய்ந்து வாவித் தண்ணீர் கரையை விட்டு இறங்கிக்கொண்டிருந்த ஒரு தை மாதத்தில் இது ஆரம்பித்தது. நான் மட்டக்களப்புப் பக்கம் தன்னாமுனையில் இருக்கிறேன். அரச பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருடம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த பஸ் எத்தனை நிமிடம் பிந்தியது என்று எழுதி எழுதியே தலை நரைத்துப் போனது. பிந்தி வந்த டிரைவர்களிடம் நான் வாங்கிய திட்டுக்கு அளவே இல்லை. எனக்குப் புரஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று டொக்டர் சொன்ன அன்று, அவர்களில் யாரோ ஒருவருடைய சாபம்தான் பலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒப்பரேசன் முடிந்தது. கதிர்ச் சிகிச்சையும் முடிந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்றுத் தோலில் ஓர் ஊசி. நோய் அடங்கிவிட்டது என்றார்கள். சிறுநீர்தான் அடங்கவில்லை. இருமினால் கசியும், தும்மினால் கசியும், கதிரையை விட்டுக் கொஞ்சம் அவசரமாக எழும்பினாலும் கசியும். வெட்கத்தை விட்டுத்தான் இதை எழுதுகிறேன். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

ஊசி போடுகிற நாளில் கிளினிக்கில் இருந்த டொக்டர் அம்மா ஒரு விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். இந்த ஊசி நோயை அடக்கும், ஆனால் எலும்பையும் தசையையும் மெலிய வைக்கும், மனதையும் சோர வைக்கும். அதனால் ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலமாவது நடக்க வேண்டும் என்றார். நான் பெரிதாகத் தலையாட்டினேன். தலையாட்டுவது சுலபம்.

வீட்டுக்கு வந்தால் மனைவி நடக்க விடமாட்டாள். "கீறித் தச்ச உடம்போட எங்க போகப் போறீங்க? பேசாம இருங்க" என்று கதிரையை இழுத்துப் போடுவாள். பார்க்க வந்த சொந்தக்காரர் எல்லோரும் அவள் பக்கம்தான். அவர்களுக்கு இது புற்றுநோய் என்று தெரியாது. கல்லு ஒப்பரேசன் என்று சொல்லி வைத்திருந்தோம். எங்கள் பக்கத்தில் நோயாளி என்றால் படுத்திருக்க வேண்டும். எழும்பித் திரிந்தால் நோயே பொய் என்று கதை வரும்.

ஒருநாள் பிடிவாதமாகக் கிளம்பினேன். மாதா கோயில் மூலை வரைக்கும் நன்றாகத்தான் போனேன். அங்கே தெரிந்த ஒருவர் மறித்துக் கதைக்கத் தொடங்கினார். அவருக்குக் கதை முடியவில்லை, எனக்கு அடக்க முடியவில்லை. காற்சட்டை முன்பக்கம் நனைந்துவிட்டது. நல்லவேளை கையில் குடை இருந்தது. அதை விரித்து முன்னால் பிடித்துக்கொண்டு, வெயிலுக்கு முகத்தைக் காட்டியபடி வீட்டுக்கு வந்தேன். அதோடு என் நடை முடிந்தது. மனைவி கேட்டபோது கால் வலிக்கிறது என்று சொன்னேன்.

அந்த மாதக் கடைசியில் மட்டக்களப்பு நகரத்துக்குப் போய் ஒரு பார்மசிக்குள் நுழைந்தேன். எங்கள் ஊருக்குப் பக்கத்திலும் பார்மசி இருக்கிறது. ஆனால் அங்கே வேலை செய்கிற பிள்ளை கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவள். அவளிடம் போய், பெரியவர்கள் கட்டுகிற நப்பி தா என்று எப்படிக் கேட்பது? நகரத்துக் கடையிலோ கூட்டம். ஆள் குறையட்டும் என்று தைலப் போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பக்கத்தில் இன்னொருவர் பல் துலக்கும் பிரஷ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். வெள்ளைத் தொப்பி, நரைத்த தாடி, உயரமான மனிதர். கிளினிக் வரிசையில் எனக்கு முன்னால் ஊசி போட்டுக்கொண்டு போனவர்தான் என்று எனக்கு நினைவு வந்தது. அவருக்கும் என்னை நினைவு வந்திருக்க வேண்டும். ஏழாவது பிரஷை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"மகள், எனக்கும் இந்த ஐயாவுக்கும் ஒரே சாமான்தான் வேணும். பெரிய சைஸ் நப்பி ரெண்டு பக்கெற் தாங்க. நாங்க ரெண்டு பேரும் புதுசாப் பொறந்த ஆக்கள்."

கடை முழுவதும் சிரித்தது. எனக்கு அந்த இடத்திலேயே புதைந்துவிடலாம் போல இருந்தது. ஆனால் வெளியே வந்து, ஆளுக்கொரு பொதியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நாங்களும் சிரித்தோம். சிரிக்கச் சிரிக்க இரண்டு பேருக்குமே கசிந்தது. அதற்கும் சேர்த்துச் சிரித்தோம். நோய் வந்த பிறகு நான் முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அவர் பக்கத்து ஊரான ஏறாவூர்க்காரர். ஹார்ட்வெயார் கடை வைத்திருந்து, நோய் வந்ததும் மகனிடம் ஒப்படைத்துவிட்டார். ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர் என்பதால் ஊரில் எல்லோரும் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னை டைம் கீப்பர் என்றார்.

"நடக்கச் சொன்னாங்களே, நடக்கிறீங்களா டைம் கீப்பர்?"

"இல்ல ஹாஜியார்."

"நானும் இல்ல. அப்ப ரெண்டு பேரும் சேந்து நடக்காம இரிப்பமா, சேந்து நடப்பமா?"

எங்கள் ஊருக்குப் பின்னால் வாவிக்கரையை ஒட்டி ஒரு கிறவல் வீதி போகிறது. வீடுகள் குறைவு. ஒரு பக்கம் தென்னந்தோட்டம், மறுபக்கம் தண்ணீருக்குள் வேர் ஊன்றி நிற்கும் கண்ணாப் பற்றைகள். தினமும் விடியற்காலை ஐந்தேகாலுக்கு அங்கே சந்திப்பது என்று பேசி முடித்தோம். அந்த நேரத்தைச் சொன்னது அவர்தான். அவ்வளவு வெள்ளனவா என்று கேட்டேன். வெயில் ஏறினால் நம்முடைய உடம்பு தாங்காது என்றார். உண்மைதான். அந்த ஊசி போட்ட உடம்பில் சும்மா இருக்கும்போதே வெக்கை அள்ளிக்கொண்டு வரும். அதனால் நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

அடுத்த நாள் சொன்ன நேரத்துக்கு ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். தொப்பியைக் கழற்றி மடித்து ஸ்கூட்டிப் பெட்டிக்குள் வைத்தார். ஒரு போத்தல் தண்ணீரைக் கையில் எடுத்துக்கொண்டார். நடந்தோம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவருக்கு ஒதுங்க வேண்டி வரும். கண்ணாப் பற்றைக்குப் பின்னால் போனால் எவருக்கும் தெரியாது. அந்தப் பற்றைகளுக்கு நான் பஸ் ஹோல்ட் என்று பெயர் வைத்தேன். முதலாம் ஹோல்ட், இரண்டாம் ஹோல்ட் என்று வீதியின் முடிவு வரைக்கும் ஐந்து ஹோல்ட். "டிரைவர், அடுத்த ஹோல்ட்ல நிப்பாட்டுங்க" என்பார் ஹாஜியார். ஒருவர் ஒதுங்கினால் மற்றவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவ்வளவுதான். அதில் ஒரு வெட்கமும் இருக்கவில்லை.

முதல் கிழமை இரண்டாம் ஹோல்டிலேயே திரும்பினோம். இரண்டு மாதத்தில் ஐந்தாவது ஹோல்ட் வரைக்கும் போய்த் திரும்பினோம். ஊசி போட்ட மறுநாள் இரண்டு பேருக்கும் கால் கல்லாகக் கனக்கும். அன்றைக்கும் போனோம். அவர் ஏறாவூரிலிருந்து வந்து நிற்பாரே என்பதால் நான் எழும்பினேன். நான் நின்று மணிக்கூட்டைப் பார்ப்பேனே என்பதால் தான் வருவதாக அவர் சொல்வார். டொக்டர் சொன்னதற்காக நான் ஒருநாளும் நடந்ததில்லை. அந்த மனிதருக்காகத்தான் நடந்தேன்.

மெல்ல மெல்ல உடம்பு திரும்பியது. கசிவு குறைந்தது. நாளுக்கு மூன்று நப்பி போய், ஒன்றில் வந்து நின்றது. கிணற்றில் வாளியால் அள்ளிக் குளித்தேன். மனைவியே, "போய் நடந்துட்டு வாங்க" என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாள்.

ஒருநாள் விடியற்காலையில் என் மைத்துனன் மோட்டார் சைக்கிளில் வந்து எங்களை மறித்தான். கரடியனாற்றில் வயல் செய்கிறவன். வயல் வட்டைக்குப் போகிற வழியில் எனக்குத் தேங்காய் கொண்டுவந்திருக்கிறான். நான் வாவிக்கரையில் என்று மனைவி சொல்லி அனுப்பியிருக்கிறாள். இது யார், எப்படிப் பழக்கம் என்று கேட்டான். கிளினிக்கில் பழக்கம் என்றால் எந்தக் கிளினிக் என்று கேட்பான். நான் விழித்துக்கொண்டு நின்றபோது ஹாஜியார் முந்திக்கொண்டார்.

"நான் பஸ்ஸில சாமான் ஏத்துற காலத்துப் பழக்கம், தம்பி. ஒங்கட மச்சான் ரெண்டு நிமிசம் பிந்தினாலும் பஸ்ஸ அனுப்பிருவாரு. எத்தின நாள் நான் சிமெந்து மூட்டையோட நடுறோட்டில நிண்டிருக்கன் தெரியுமா?"

மைத்துனன் சிரித்துக்கொண்டே போனான். அவன் போன பிறகு ஹாஜியாருக்கு நன்றி சொல்ல நினைத்தேன். அவர் அதற்குள் வேறு கதைக்குப் போய்விட்டார். என் நோயை நான் ஊருக்கு மறைத்து வைத்திருக்கிறேன் என்று அவரிடம் நான் சொன்னதே இல்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருக்கிறார்.

இப்படி ஏழு மாதம் போனது. ஆவணியில் ஒருநாள் அவர் வரவில்லை. மறுநாளும் இல்லை. போன் எடுத்தால் வேலை செய்யவில்லை. நான்காவது நாள் மனம் கேட்கவில்லை. ஒரு கிலோ தோடம்பழமும் ஒரு பெட்டி விசுக்கோத்தும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறி ஏறாவூருக்குப் போனேன். ஹார்ட்வெயார் கடை ஹாஜியார் வீடு என்று கேட்டதும் சந்தியிலேயே காட்டிவிட்டார்கள்.

மகன் வாசலுக்கு வந்து கூட்டிக்கொண்டு போனார். முப்பத்தைந்து வயதிருக்கும். நல்ல மரியாதையான பிள்ளை. வாப்பாவுக்குக் கடுமையான காய்ச்சல், போன் தண்ணீருக்குள் விழுந்து பழுதாகிவிட்டது, இப்போது சுகம், உள்ளே படுத்திருக்கிறார் என்றார். எனக்கு உயிர் வந்தது. மருமகள் தேத்தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். ஹாஜியாரின் மனைவி திரைக்குப் பின்னால் நின்று என்னைச் சுகம் விசாரித்தார்.

"வாப்பாவ எப்படிப் பழக்கம் அங்கிள்?" என்று மகன் கேட்டார்.

இந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். பஸ்ஸில் பழக்கம் என்று சொல்லியிருந்தால் போதும். அவரே எனக்கு அந்தப் பதிலைக் கற்றுத் தந்திருந்தார். ஆனால் பார்மசியில் அவ்வளவு பேர் முன்னால் நப்பி கேட்டவர், தன் வீட்டில் எதை மறைக்கப் போகிறார் என்று நான் நம்பிவிட்டேன். அதைவிட, அவரைப் புகழ வேண்டும் என்ற ஆசை எனக்கு. தன் தகப்பன் எப்பேர்ப்பட்ட ஆள் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன்.

"தம்பி, உங்கட வாப்பா இல்லாட்டி நான் இண்டைக்குக் கட்டில்லதான் கிடப்பன். ஏழு மாசமா விடியப்புறம் ரெண்டு பேரும் தன்னாமுன வாவிக்கரையில நடக்கிறம். சரியா அஞ்சேகாலுக்கு வந்து நிப்பார். ஒரு நாள் கூடப் பிந்தினதில்ல. ஆறு மணி மட்டும் நடை. எங்க ரெண்டு பேருக்கும் அடக்க ஏலாதுதானே, அதால வழியில நிக்கிற பத்தைக்கெல்லாம் ஹோல்ட் எண்டு பேர் வச்சிருக்கம்."

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. மருமகள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள்.

"அஞ்சேகாலுக்கா?" என்றார் மகன்.

"ஓம் தம்பி. டாண் எண்டு அஞ்சேகால்."

முப்பத்தொரு வருடம் நேரத்தோடு மாரடித்தவன் அல்லவா, எனக்கு அதில் ஒரு பெருமை. அப்போதுதான் உள்ளறை வாசலில் ஹாஜியார் நிற்பதைக் கண்டேன். சாரமும் பெனியனுமாக, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்று மட்டும் அவர் முகத்தில் தெரிந்தது. அவர் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை.

"தேத்தண்ணிய ஆறவிடாமக் குடிங்க டைம் கீப்பர்" என்றார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

என்னவோ பிழையாகிவிட்டது என்று எனக்குப் புரிந்தது. என்னவென்று புரியவில்லை. மகன் தெரு முனை வரைக்கும் என்னோடு வந்தார். பஸ் வருவதைக் கண்ட பிறகுதான் சொன்னார்.

"அங்கிள், நம்மட பள்ளியில சுபஹுத் தொழுகை அஞ்சேகாலுக்குத்தான். வாப்பா ஒவ்வொரு நாளும் பாங்கு சொன்ன ஒடன தொப்பியப் போட்டுட்டுத்தான் வெளிக்கிடுவாரு. அங்கால இரிக்கிற பள்ளிக்குப் போறன், தொழுதுட்டு ஓதிட்டு வாறன் எண்டுதான் சொல்லுவாரு."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. பிறந்ததில் இருந்து ஏறாவூரின் பாங்குச் சத்தம் காற்றடிக்கும் பக்கத்தைப் பொறுத்து எங்கள் ஊர் வரைக்கும் கேட்கும். அந்தச் சத்தம் ஓய்ந்து கொஞ்ச நேரத்தில் பள்ளியில் இருக்க வேண்டிய மனிதர் ஏழு மாதமாக என் பக்கத்தில் நடந்திருக்கிறார். ஊரிலுள்ள எல்லா பஸ்ஸின் நேரமும் எனக்கு மனப்பாடம். பக்கத்து ஊர்க்காரர் தொழுகிற நேரம் எதுவென்று ஒருநாளும் யோசித்ததில்லை.

இரண்டு நாள் கழித்து மகனுடைய போனில் இருந்து எடுத்தார். "இனி என்னப் பாத்துக்கிட்டு நிக்க வேணாம் டைம் கீப்பர்" என்றார். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். "அதெல்லாம் ஒண்டும் இல்ல, நீங்க நடங்க" என்று வைத்துவிட்டார்.

நான் தனியே நடந்து பார்த்தேன். முதலாம் ஹோல்ட் வரும். சும்மா நின்று தண்ணீரைப் பார்ப்பேன். ஒரு கிழமை போனேன். பிறகு மழை என்றேன், பிறகு கால் வலி என்றேன். பழையபடி கதிரைதான்.

அவரை மறுபடி கண்டது ஊசி போடுகிற நாளில், கிளினிக்கில். மகன் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். மூன்று மாதத்துக்குள் ஒரு மனிதன் அவ்வளவு இளைக்க முடியும் என்று நான் நினைத்திருக்கவில்லை. வயிறு முன்னால் தள்ளியிருந்தது, கால்கள் குச்சியாகியிருந்தன. மகன் மருந்து எடுக்கப் போன நேரத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வீட்டில் ஏசினார்களா என்று கேட்டேன்.

"ஏசியிருந்தா நல்லம்" என்றார். "எல்லாரும் அழுதாங்க. மகன் மௌலவிக்கிட்டப் போய்க் கேட்டுட்டு வந்தான். இப்படி வருத்தம் உள்ளவனுக்கு மார்க்கத்துல சலுகை இரிக்கி, ஒவ்வொரு தொழுகைக்கும் புதுசாக் கைகால் கழுவி வுளு எடுத்துட்டுத் தொழலாம் எண்டு எனக்கு விளங்கப்படுத்தினான். எனக்கு அது தெரியாதா டைம் கீப்பர்? நாப்பது வருசம் இமாமுக்குப் பின்னால நிண்டு தொழுதவன் நான். அங்க தோளோட தோள் முட்டித்தான் நிக்கணும். குனிஞ்சு எழும்பக்குள்ள கசியும். பக்கத்துல நிக்கிறவன் ஒரு நாள் மூக்கச் சுளிச்சிட்டான். அவன் சளியிலதான் சுளிச்சானோ என்னவோ. எனக்கு அதுக்குப் பொறகு கால் போகல்ல. வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்கு மட்டும் கடைசி வரியில நிண்டுட்டு ஓடி வந்துருவன். மத்ததெல்லாம் வீட்டுலதான். சுபஹையும் வீட்டுல தொழுதா ஏன் எண்டு கேப்பாங்களே. அதான் பாங்கு சொன்ன ஒடன கடை மேல்மாடியில தனியா நிண்டு தொழுதுட்டு, ஒங்களோட நடக்க வந்துருவன்."

"இப்ப?"

"இப்ப மகன் கார்ல ஏத்திக்கிட்டுப் போறான். எனக்கெண்டு கதிரை ஒண்டு போட்டிரிக்காங்க. எல்லாரும் சலாம் சொல்லி, தள்ளி நிண்டு எடம் தாறாங்க. அவ்வளவு மரியாத."

நடக்கிறீர்களா என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் மகன் வந்துவிட்டார். நான் அவரிடமே கேட்டேன். ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் விடுங்கள் தம்பி, நானே ஏறாவூருக்கு வந்து கூட்டிப் போகிறேன் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். அவருக்கு என்மேல் கோபம் இல்லை. பயம்தான்.

"இருட்டுக்குள்ள வாவிக்கரையில தனிய விழுந்து கெடந்திருந்தா எங்களுக்கு எங்க தேடுறதெண்டே தெரிஞ்சிரிக்காது அங்கிள். இனி அப்படி விட ஏலா. வீட்டுக்கு ட்ரெட்மில் ஒண்டு எடுத்திரிக்கன். நல்ல சாமான். ஹோல்ல போட்டிரிக்கி, வாப்பாவுக்கு எப்ப வேணுமெண்டாலும் நடக்கலாம்."

ஹாஜியார் என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தார். வீட்டுக் கூடத்தில் மருமகள் போவாள் வருவாள், பேரப்பிள்ளைகள் ஓடுவார்கள், வருகிறவர்கள் போகிறவர்கள் உட்காருவார்கள். அங்கே அத்தனை பேர் முன்னால் நனைந்துகொண்டு அவர் நடப்பாரா? அந்தப் பிள்ளை பாசத்தோடு வாங்கியிருக்கிறார். அது ஏன் உதவாது என்று அவருக்குச் சொல்ல இரண்டு பேராலும் முடியவில்லை. நான் ஏற்கெனவே சொன்னது போதும் என்று வாயை மூடிக்கொண்டேன். இந்த முறை வாயைத் திறந்திருக்க வேண்டுமோ என்று இப்போது தோன்றுகிறது.

மாசியில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். சின்ன விழுகைதான். முன்னைய கால் என்றால் சமாளித்து நின்றிருக்கும். இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன், பேசும் நிலையில் இல்லை. படுத்த படுக்கையில் நெஞ்சில் சளி கட்டியது. மூன்றாவது கிழமை மௌத்தாகிவிட்டார் என்று மகனே போன் எடுத்துச் சொன்னார்.

ஜனாஸா அடக்கத்துக்குப் போனேன். வீட்டு வாசலுக்கு வெளியே, விறாந்தையின் மூலையில் அந்த ட்ரெட்மில்லைத் தூக்கிப் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் அதன்மேல் குடைகளை வைத்திருந்தார்கள். அதன் பிளாஸ்டிக் உறை பாதிதான் கிழிக்கப்பட்டிருந்தது. மையத்தைத் தூக்கும்போது எனக்கும் தோள் கொடுக்க ஆசை. கேட்கப் பயமாக இருந்தது. மையவாடி மதிலுக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில் நின்றேன். எல்லாம் முடிந்து மகன் என்னைத் தேடி அங்கே வந்தார். கண் வீங்கியிருந்தது.

"கடைசி ரிப்போட்டிலயும் கேன்சர் எழும்பல்ல அங்கிள். டொக்டர் சொன்னாங்க, அதால மௌத்தாகல்லயாம்."

எனக்குத் தெரியும் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

பிறகு கேட்டார். "வாப்பா அந்த நேரத்துல என்ன கதைப்பாரு அங்கிள்? எங்களோட அவரு பெரிசாச் சிரிக்கிறல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சிமெந்து மூட்டையோடு நடுறோட்டில் நின்ற பொய்க் கதையைச் சொன்னேன். பார்மசிக் கதையைச் சொல்லவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்கள அவரு ஒரு சொல்லும் ஏசல்ல" என்றார். அதற்குப் பதில் ஏசியிருக்கலாம்.

இப்போது நான் மறுபடியும் நடக்கிறேன். விருப்பத்தோடு இல்லை. என்னுடைய எலும்பும் அதே ஊசியால்தான் மெலிகிறது, விழுந்தால் என்ன நடக்கும் என்று கண்ணால் பார்த்துவிட்டேன். மனைவியிடம் மைத்துனனுக்கும் உண்மையைச் சொல்லச் சொன்னேன், சொல்லிவிட்டாள். என்னுடையதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. அவருடைய கால் தளர்ந்ததற்கு நான்தான் காரணம் என்றால் மனைவி சண்டைக்கு வருவாள். விதி, நோய், வயது என்று பத்துக் காரணம் சொல்வாள். எல்லாம் உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த ஏழு மாதத்தில் அவர் ஒரு தடவைகூட இதை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று என்னிடம் கேட்டதில்லை. என்னிடம் அப்படிக் கேட்கத் தேவையில்லை என்று அவர் நம்பியிருந்திருக்கிறார், அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்க முடியாமல் இருக்கிறது.